‘இம்மி’க்குக் கீழே இன்னும் 13 படி: 22 இலக்க ‘தேர்த்துகள்’ எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

“இம்மி அளவும் சந்தேகமில்லை”, “இம்மி பிசகாமல் சொன்னான்” என்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோம். அந்த இம்மி என்பது வெறும் பேச்சு வழக்கு இல்லை. அது ஒரு எண். ஒன்றை 21,50,400 பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு.

அதோடு முடியவில்லை. இம்மிக்குக் கீழே இன்னும் 13 பெயர்கள் இருக்கின்றன. கடைசிப் பெயர் தேர்த்துகள். தேர் ஓடும்போது கிளம்பும் தூசு. அதன் அளவு, ஒன்றை 2,323,824,530,227,200,000,000 பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு.

22 இலக்கம். நம்ம கணக்கில் சொன்னால், 2 கோடியே 32 லட்சத்து 38 ஆயிரத்து 245 கோடி கோடியும், அதற்கு மேல் 30 லட்சத்து 22 ஆயிரத்து 720 கோடியும். மூச்சு வாங்குகிறதா?

“அணுவை விடச் சிறியதை அன்றே அளந்த தமிழன்” என்ற தலைப்போடு இந்த எண் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பார்த்ததும் ஃபார்வர்டு செய்பவர்கள் ஒரு பக்கம், “எல்லாம் கட்டுக்கதை” என்று ஒதுக்குபவர்கள் இன்னொரு பக்கம். எண்ணைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. பிரித்துப் பார்த்தால், இரண்டு தரப்பும் சொல்லாத ஒரு விஷயம் உள்ளே இருக்கிறது.

முதலில் முந்திரி

பழைய தமிழ்க் கணக்கில் பின்னங்களுக்குக் கீழ்வாய் இலக்கம் என்று பெயர். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்ற வாய்பாட்டுப் புத்தகத்தை வைத்து, சத்தம் போட்டுச் சொல்லியே இவற்றை மனப்பாடம் செய்தார்கள். பேப்பரும் இல்லை, பேனாவும் இல்லை. மணலில் விரலால் எழுத்து, மீதி எல்லாம் மனக்கணக்கு.

அரை, கால் நமக்குத் தெரியும். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. மாகாணி 16-ல் ஒன்று, மா 20-ல் ஒன்று, காணி 80-ல் ஒன்று. டெல்டா மாவட்டங்களில் நிலம் பேசும்போது மாவும் காணியும் இன்றும் காதில் விழும். இந்த வரிசையின் அடியில் நிற்பது முந்திரி: 320-ல் ஒன்று.

ஏன் 320? மேலே சொன்ன எல்லாப் பின்னமும் 320-க்குள் மீதியில்லாமல் அடங்கிவிடும். ஒரு மாகாணிக்கு 20 முந்திரி. ஒரு மாவுக்கு 16 முந்திரி. 16-ல் ஒன்றுக்கு 20, 20-ல் ஒன்றுக்கு 16 என்று கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையனுக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

முந்திரியை மறுபடியும் 320 ஆகப் பிரித்தால் கீழ்முந்திரி. அதாவது 1,02,400-ல் ஒன்று.

ஆனால் 3-ல் ஒன்று எங்கே?

இங்கேதான் சிக்கல். 320-ஐ உடைத்தால் ஆறு 2-களும் ஒரு 5-ம் மட்டுமே இருக்கும். 3 கிடையாது. அதனால் மூன்றில் ஒரு பங்கை முந்திரியில் சரியாகச் சொல்லவே முடியாது. 106 முந்திரி போக மூன்றில் இரண்டு மிஞ்சும். கீழ்முந்திரிக்குப் போனாலும் அதே கதை, ஏனென்றால் 320-ஐ 320-ஆல் பெருக்கினாலும் புதிதாக 3 முளைத்துவிடாது.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பை அரசாங்கம் நடத்திய காலத்தில், எடுத்து வந்த சிப்பிகளை மூன்று பங்காக வைத்து, ஒரு பங்கைக் குளிகாரர்களுக்கு விடும் முறை இருந்தது. மீதி அரசுக்கு. சிப்பியாக இருக்கும்வரை மூன்று குவியல் போட்டுவிடலாம். காசாகவோ எடையாகவோ மாறினால், 3-ல் ஒன்றை எழுதத் தெரியாத கணக்கில் யாரோ ஒருவருக்குக் குறையும். பெரும்பாலும் மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கியவருக்கு.

சரி, கீழ்முந்திரிக்கு அடுத்த படி எது? இம்மி. ஒரு கீழ்முந்திரிக்கு 21 இம்மி.

320, 320 என்று வந்துகொண்டிருந்த வரிசையில் திடீரென்று 21 எதற்கு? 21 என்றால் 3-ஐ 7-ஆல் பெருக்கியது. இந்த ஒரே படியில் 3-ம் 7-ம் உள்ளே வந்துவிடுகின்றன. இப்போது மூன்றில் ஒன்றைத் துல்லியமாகச் சொல்லலாம்: 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி. துளி மீதி இல்லை. போட்டுப் பாருங்கள், 106-ஐ 320-ஆல் பெருக்கி 213-ஐக் கூட்டினால் 34,133 கீழ்முந்திரி. அதை மூன்றால் பெருக்கினால் 1,02,399. குறைகிற ஒரே ஒரு கீழ்முந்திரியை 7 இம்மி மூன்று தடவை வந்து 21-ஆக நிரப்பிவிடும்.

“இம்மி பிசகாமல்” என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைக்குமா தெரியாது.

மீதிப் படிகள்

ஒரு இம்மிக்கு 11 மும்மி. ஒரு மும்மிக்கு 7 அணு. ஆமாம், அணு இந்த வரிசையில் நடுவில்தான் வருகிறது, 16,55,80,800-ல் ஒன்று. அதற்குக் கீழே இன்னும் 11 படி. ஒரு அணுவுக்கு 9 குணம், ஒரு குணத்துக்கு 5 பந்தம், ஒரு பந்தத்துக்கு 6 பாகம், ஒரு பாகத்துக்கு 7 விந்தம், ஒரு விந்தத்துக்கு 17 நாகவிந்தம், ஒரு நாகவிந்தத்துக்கு 14 சிந்தை. பிறகு 20 கதிர்முனை, 40 குரல்வளைப்படி, 60 வெள்ளம், 100 நுண்மணல் என்று வேகமாக இறங்கி, கடைசியில் ஒரு நுண்மணலுக்கு ஆறரை தேர்த்துகள்.

பெயர்களைக் கவனியுங்கள். சிந்தை என்றால் நினைப்பு. நினைப்பை விடச் சின்னது கதிரின் முனை. அதையும் விடப் பொடியான ஒன்றுக்கு வெள்ளம் என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவராக இருந்திருக்க வேண்டும். வெள்ளம் என்பது பெரிய எண்களுக்கும் வழங்கிய பெயர்.

இன்னொன்று. எல்லாப் படியும் முழு எண்ணாக வர, கடைசிப் படி மட்டும் ஆறரை. பங்கு மிஞ்சாமல் பிரிப்பதற்காகவே கட்டிய மாதிரி இருக்கும் ஒரு வரிசை அரையில் போய் முடிகிறது. இரண்டு நுண்மணலாக எடுத்தால் 13 தேர்த்துகள், கணக்கு முழுசாகிவிடும். அந்த 13 அங்கே இருப்பதற்கு ஒரு வேலையும் இருக்கிறது.

எண்ணை உடைத்தால்

எல்லாப் படிகளையும் பெருக்கினால் அந்த 22 இலக்க எண் வரும். அதைப் பகா எண்களாக உடைத்தால் கிடைப்பது இதுதான்: 22 தடவை 2, ஐந்து தடவை 3, எட்டுத் தடவை 5, நான்கு தடவை 7, அப்புறம் 11, 13, 17 தலா ஒரு தடவை. அவ்வளவுதான். இவ்வளவு பெரிய எண்ணுக்குள் வேறு எதுவும் இல்லை.

பகா எண்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 2, 3, 5, 7, 11, 13, 17. ஒன்றுகூட விடுபடவில்லை. முந்திரியில் 2-ம் 5-ம், இம்மியில் 3-ம் 7-ம், மும்மியில் 11, நாகவிந்தத்தில் 17, தேர்த்துகளில் 13. படி இறங்க இறங்கப் புதுப் பகா எண் ஒன்று உள்ளே வருகிறது.

இதன் பலன் என்ன? 1 முதல் 18 வரை எந்த எண்ணாலும் இதை மீதியில்லாமல் வகுக்கலாம். ஒன்றை 11 பேருக்குப் பிரிக்கணுமா, 13 பேருக்கா, 17 பேருக்கா, எப்படிப் பிரித்தாலும் ஒவ்வொருவருக்கும் முழு எண்ணாகத் தேர்த்துகள் கிடைக்கும். நம்ம பத்தின் அடுக்குக் கணக்கில் இது நடக்காது. 100 ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் 33 ரூபாய் 33 பைசா போக ஒரு பைசா தொங்கும். பைசாவை எத்தனை பொடியாக்கினாலும் தொங்கும், பத்துக்குள் 2-ம் 5-ம் மட்டுமே இருப்பதால்.

1957 ஏப்ரல் 1-க்கு முன்னால் இருந்த ரூபாயில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை, மொத்தம் 192. அதற்குள் ஒரு 3 இருந்தது. மூன்றில் ஒரு ரூபாய் என்றால் 5 அணா 4 பை, சுத்தமாக. ஆனால் அதில் 5 இல்லாததால் ஐந்து பேர் பங்கு கேட்டால் சண்டைதான்.

தேர்த்துகள் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் எத்தனை? இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை தடவை வருகிறதோ அதோடு ஒன்று கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கணும். 23, 6, 9, 5, 2, 2, 2. பெருக்கினால் 49,680. அரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான எண்கள் இதை மிச்சம் வைக்காமல் வகுக்கும்.

ராமானுஜன் பார்த்திருந்தால்?

இப்படி நிறைய வகுத்திகள் கொண்ட எண்களை ஆராய்ந்தவர் நம்ம ஊர்க்காரர். 1912-ல் சென்னை துறைமுக அலுவலகத்தில் கிளார்க் வேலையில் சேர்ந்த ஸ்ரீனிவாச ராமானுஜன், இங்கிலாந்து போன பிறகு 1915-ல் வெளியிட்ட நீண்ட கட்டுரையே இதைப் பற்றியதுதான். தன்னை விடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்களை அவர் தனி வகையாகப் பிரித்தார். 12, 24, 60, 360 எல்லாம் அந்த வகை.

தேர்த்துகள் எண் அந்தப் பட்டியலில் வருமா? வராது. காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பட்டியலில் இடம்பிடிக்க, சின்னப் பகா எண்தான் அதிகத் தடவை வரவேண்டும். இதில் 3 ஐந்து தடவை, 5 எட்டுத் தடவை. இரண்டையும் இடம் மாற்றி, 3-ஐ எட்டுத் தடவையும் 5-ஐ ஐந்து தடவையும் போட்டால் வகுத்திகள் அதே 49,680, ஆனால் எண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது, இதைவிடச் சிறிய எண்ணிலேயே அதே வேலை முடிந்திருக்கும்.

அதற்காக வாய்பாடு செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு 20, 40, 60, 100 என்று நாவுக்குச் சுலபமான எண்கள் தேவைப்பட்டிருக்கின்றன. அந்த எட்டு 5-களில் ஐந்து அங்கிருந்து வந்தவைதான். எண்ணின் கடைசியில் இருக்கும் எட்டுப் பூஜ்யங்களும் அந்த எட்டு 5-களால் வந்தவை.

19 என்ற வில்லன்

இந்த எண்ணிடம் தோற்காத முதல் எண் 19. அதோடு 19 உள்ளே ஒளிந்திருக்கும் எந்த எண்ணும் இதை வகுக்காது.

தமிழ்நாடு சட்டப்பேரவையின் 234 தொகுதிகள்? வகுபடும். 39 மக்களவைத் தொகுதிகள்? வகுபடும், 13 இருப்பதால். 38 மாவட்டங்கள்? வகுபடாது. 38 என்பது இரண்டு 19.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216. மூன்றும் தனித்தனியாக வகுபடும். ஆனால் ஆய்தத்தையும் சேர்த்த மொத்தத் தமிழ் எழுத்துகள் 247, அதாவது 13 பெருக்கல் 19. வகுபடாது. திருக்குறளின் 133 அதிகாரங்கள் 7 பெருக்கல் 19. அதுவும் வகுபடாது, அதனால் 1,330 குறளும் கிடையாது. தமிழின் மிகச் சிறிய பின்னத்துக்குள் தமிழின் இரண்டு பெரிய எண்களும் அடங்க மறுப்பது தற்செயல்தான். இருந்தாலும் தமிழ் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

எவ்வளவு பெரிசு?

தூத்துக்குடி உப்பை வைத்துப் பார்க்கலாம். தூள் உப்பின் ஒரு பரல் 0.1 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவில் ஒரு கோடி பரல். தேர்த்துகள் எண்ணிக்கையில் பரல்கள் வேண்டுமென்றால் 23,238 கோடி டன் உப்பு தேவை. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் ஆண்டுக்குக் கையாளும் மொத்தச் சரக்கு சுமார் 4 கோடி டன். வேறு எந்தச் சரக்கும் ஏற்றாமல் இறக்காமல் உப்பை மட்டுமே அனுப்பினாலும் 5,800 ஆண்டுகள் ஆகும்.

சரி, அணுவை அளந்தார்களா?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். பதில்: தேர்த்துகள் ஒரு நீளம் இல்லை, எடையும் இல்லை. அது ஒரு பின்னம். எதில் பின்னம் என்று சொன்னால்தான் அளவு கிடைக்கும். ஒரு மீட்டரில் என்றால், வாய்பாட்டு ‘அணு’ 6 நானோமீட்டர் வரும், ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவைப் போல சுமார் 60 மடங்கு. ஒரு முழத்தில் என்றால் வேறு விடை. ஒரு காதத்தில் என்றால் இன்னொன்று. அளவுகோலை மாற்றினால் விடை மாறுகிற ஒன்றை வைத்து “அணுவை அளந்தான்” என்று சொல்வது சரிப்படாது.

பழைய முத்து வியாபாரத்தில் நிஜமாகப் புழங்கிய எடையை வைத்து இறங்கிப் பார்ப்போம். மஞ்சாடி. சிவப்பாகப் பளபளக்கும் அந்த விதை சுமார் கால் கிராம் இருக்கும். சோழர் கால எடையில் 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முத்து பதித்த நகைகளின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்றுதான் எழுதியிருக்கிறது.

ஒரு மஞ்சாடி எடையுள்ள முத்து ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதில் ஒரு முந்திரி என்றால் 0.78 மில்லிகிராம். இன்றைக்கு நகைக்கடை மேசையில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசு ஒரு மில்லிகிராம் வரை காட்டும். ஆக, அந்தத் தராசின் கடைசி இலக்கமும் முந்திரியும் கிட்டத்தட்ட ஒரே இடம். ஒரு கீழ்முந்திரி என்றால் 2.4 மைக்ரோகிராம். அதற்கு ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நுண்தராசு வேண்டும். இம்மி, அதிலும் 21-ல் ஒன்று. கையால் எடை போட்ட காலத்தில் முந்திரிக்குக் கீழே எதையும் யாரும் தராசில் வைத்திருக்க முடியாது.

கொற்கை காலத்து வியாபாரிக்கும் சரி, பின்னால் தூத்துக்குடியில் பித்தளைச் சல்லடைத் தட்டுகளில் முத்தைச் சலித்துத் தரம் பிரித்தவருக்கும் சரி, முந்திரிக்குக் கீழே உள்ளதெல்லாம் கணக்கில் மட்டுமே இருக்கும் அளவு. விலையைப் பெருக்கும்போதும் பங்கு பிரிக்கும்போதும் கடைசியில் தொங்கும் மிச்சத்துக்கு ஒரு பெயர்.

அதே முத்தை இன்னும் உடைத்துக்கொண்டே போனால்? முத்து பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கால் கிராம் முத்தில் சுமார் ஒன்றரை கோடி கோடி கோடி அலகுகள் என்றெல்லாம் சொல்லிக் குழப்ப வேண்டாம், நேராக விடைக்கு வருவோம். நுண்மணல் வரை பிரித்தால் ஒரு பங்குக்கு நான்கு கால்சியம் கார்பனேட் அலகுகள் வரும். அடுத்து தேர்த்துகளாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு 0.65. ஒன்றுகூட முழுசாக இல்லை. அதாவது, ஒரு மஞ்சாடி முத்தை முத்தாகவே வைத்துக்கொண்டு பிரிக்க முடிகிற எல்லை நுண்மணலோடு முடிகிறது. கடைசிப் படியில் அது முத்தாக இருக்காது.

கேட்க சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மஞ்சாடிக்குப் பதில் கழஞ்சை எடுத்தால் இந்தப் பொருத்தம் காணாமல் போய்விடும். வேதியியல் அணுவின் எடை 19, 20-ம் நூற்றாண்டுகளில் சோதனை செய்து கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் சோதனைக்கும் இந்த வாய்பாட்டுக்கும் சம்பந்தமில்லை.

இன்றைய அறிவியல் அளவில் இதற்கு அருகில் இருக்கும் பெயர் செப்டோ. பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுவரும் ஆப் இல்லை, அதற்கு முன்பே 1991-ல் சர்வதேச அளவு முறையில் சேர்த்த முன்னொட்டு. ஒன்றுக்குப் பின்னால் 21 பூஜ்யம் போட்டு அதில் ஒரு பங்கு. தேர்த்துகள் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு, 0.43 செப்டோ.

ஃபார்வர்டு வந்தால் சரிபார்ப்பது எப்படி?

22 இலக்கம் கைமாறிக் கைமாறி வரும்போது ஏதாவது ஒரு இலக்கம் மாறிப்போவது சகஜம். மூல ஓலையைத் தேட வேண்டியதில்லை, எண்ணே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியிலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 2 | 323 | 824 | 530 | 227 | 200 | 000 | 000. இப்போது வலமிருந்து தொடங்கி ஒன்றைக் கழித்து, ஒன்றைக் கூட்டி, மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் இரண்டும் பூஜ்யம். 200-ல் 227 போனால் மைனஸ் 27. அதோடு 530 கூட்டினால் 503. அதில் 824 கழித்தால் மைனஸ் 321. 323 கூட்டினால் 2. 2-ஐக் கழித்தால் பூஜ்யம்.

இது மந்திரம் இல்லை. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1,001. அதனால் வகுபடும் எந்த எண்ணுக்கும் இந்தக் கூட்டல் கழித்தல் பூஜ்யத்திலோ 1,001-ன் மடங்கிலோதான் முடியும். நம்ம எண்ணுக்குள் மூன்றும் இருக்கின்றன. ஒரே ஒரு இலக்கம் மாறியிருந்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருந்தாலும் இப்படி முடியாது, உடனே தெரிந்துவிடும்.

தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு கண்டெய்னரிலும் இதே வேலை நடக்கிறது. கதவில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் தனியாக ஒரு கட்டத்துக்குள் இன்னொரு இலக்கம் இருக்கும். அந்தக் கடைசி இலக்கம் பெட்டியின் எண்ணில் சேராது, அது காவலாளி. முன்னால் உள்ள பத்து இடங்களுக்கும் 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகும் மதிப்பு கொடுத்துப் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதி. மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள். டைப் செய்பவர் ஒரு இலக்கத்தைத் தவறாக அடித்தால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்வார். இல்லாவிட்டால் கொழும்புக்குப் போக வேண்டிய பெட்டி காகிதத்தில் வேறு ஊருக்குப் போய்விடும்.

தேர்த்துகள் சோதனையில் ஒரு ஓட்டை மட்டும் உண்டு. கடைசியில் ஒரு பூஜ்யம் குறைந்தாலோ கூடினாலோ அது கண்டுபிடிக்காது. எண் பத்தில் ஒரு பங்கானாலும் 7, 11, 13 உள்ளேயே இருப்பதால் விடை அப்போதும் சரியாகவே வரும். அதனால் பூஜ்யங்களை மட்டும் விரல் வைத்து எண்ணிவிடுங்கள்: 2272-க்குப் பிறகு எட்டு இருக்க வேண்டும்.